கவிச்சி இல்லாத வீடு

மளிகைக்கடைக்கு ஒரு பூனை வேண்டும், டாக்டரம்மா. இல்லாவிட்டால் பருப்பு மூட்டையில் பாதியை எலிக்குப் பங்கு கொடுக்க வேண்டியதுதான். செஞ்சி பஜாரில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், பூனை இல்லாத நாள் கிடையாது. ஆனால் பெயர் வைத்துக் கூப்பிட்ட பூனை இது ஒன்றுதான். வைத்தது என் மகள் ஜெயஸ்ரீ. உடம்பு நிறத்தைப் பார்த்துச் சீரகம் என்றாள்.

சீரகத்தின் ஈறில் மீன்முள் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஜெயஸ்ரீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

ஜெயா இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் பண்ணிக்கொண்டு சென்னைக்குப் போனாள். பையன் அன்புச்செல்வன், தொண்டூர்க்காரர். பெரிய படிப்பு, நல்ல வேலை, மரியாதையான பேச்சு. அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை, அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பஜாரில் நாலு பேர் முகத்தில் நான் விழிக்க வேண்டும் இல்லையா. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மா இல்லாமல் நான் வளர்த்த பெண். எட்டு மாதம் ஒரு போன் கிடையாது. கடையைத் திறப்பேன், மூடுவேன், ஒரு ஆளுக்குச் சோறு ஆக்குவேன். அந்த எட்டு மாதம் எப்படிப் போனதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் சீரகத்துக்கு வாயில் புண் வந்தது. ஈறெல்லாம் சிவந்து வீங்கி, எச்சில் ஒழுகும். தட்டு வரைக்கும் வந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஜெயாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் போன் வந்தது.

“இன்னா நைனா ஆச்சு அதுக்கு? வாயத் தொறந்து காட்டு.”

எட்டு மாதத்துக்கு அப்புறம் நைனா என்றாள். பூனையின் வாயைத் திறந்து காட்டினேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ கால். மாத்திரை போட்டியா, ஈறில் மருந்து தடவினியா, என்ன சாப்பிட்டது. பூனையைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஒரே ஒரு தடவை, நீ சாப்டியா என்றாள். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது.

நீங்கள் அப்போதே சொன்னீர்கள். இது நாள்பட்ட வியாதி, பல்லை எல்லாம் எடுத்துவிட்டால் வலி போய்விடும், பல் இல்லாமலே நன்றாகச் சாப்பிடும் என்று. ஜெயாவிடமும் போனில் சொன்னீர்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வாய் ஆறட்டும் நைனா, நா வந்து இட்டுனு போய்டறேன். உனக்கும் தொந்தரவு இல்ல” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

நீங்கள் ஆபரேஷன் செய்வது செவ்வாயும் வெள்ளியும். அந்த இரண்டு நாளும் வியாபாரக் குடும்பத்தில் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டோம். ஒரு கை உப்பு கேட்டால்கூட நாளைக்கு வா என்போம். அதனால் தள்ளிப்போயிற்று. எனக்காக ஒரு திங்கட்கிழமை ஒதுக்கினீர்கள். அன்று அமாவாசை, மேல்மலையனூர் போகிற கூட்டம் முழுக்கக் கடை வாசலில் நின்றது. “கனகராஜ் அண்ணனுக்குப் பூனைய விட மனசு வரல” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

மாத்திரையைப் பாதிதான் கொடுத்தேன். முழுக்க நிறுத்தவில்லை, செத்துப்போகும், பாவம். ரொம்ப மோசமானால் சென்னையில் காட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நன்றாகிவிட்டாலும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எடை போட்டுப் பழகிய கை இது. எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு வருஷத்துக்கு மேல் நிறுத்தி வைத்தேன்.

தவறு நடந்தது போன மாதம்தான். சீரகம் கொட்டாவி விடப்போய், வலியில் அலறிக்கொண்டு மூட்டைச் சந்துக்குள் ஓடி ஒளிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. இருபது நாள் முழு மாத்திரையும் கொடுத்துவிட்டேன். வாய் ஆறிவிட்டது. ஜெயா வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, முந்தாநாள் கூடையோடு வந்து இறங்கினாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் இந்த வீட்டுப் படி ஏறியது அன்றுதான். சனிக்கிழமை திரும்பிப் போகிறேன் என்றாள்.

எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். முட்டைகூட வாசல் தாண்டி வந்ததில்லை. சீரகத்துக்கும் தயிர்ச்சோறுதான். அறுபத்திரண்டு வயதில் நேற்றுதான் முதல் தடவையாகக் கருவாடு வாங்கினேன். இங்கே வாங்கினால் எல்லாம் தெரிந்த முகம். பஸ் ஏறி அவலூர்பேட்டைக்குப் போய் வாங்கி, பைக்குள் பை போட்டு எடுத்து வந்தேன். மத்தியானம் ஜெயா மாடியில் தூங்கும்போது, கடைக்குப் பின்னால் குடோனில் வைத்து முள்ளோடு போட்டேன். ஆசையாகத் தின்றது. அப்புறம் முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், தனியாக விடவில்லை.

ரத்தத்தைப் பார்த்ததும் ஜெயா என் தோளில் சாய்ந்து அழுதாள். “நா வந்த நேரம் இப்டி ஆய்டுச்சே நைனா.” அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். சின்ன வயதில் வைத்த அதே தேங்காயெண்ணெய் வாசனை. சாயங்காலம் அவளே ரசம் வைத்தாள். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். இது சரியாகிற வரைக்கும் நான் போக மாட்டேன் என்றாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்லியும் கேட்காமல் அவள்தான் இங்கே தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

எல்லாம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பூனையை நான் ஒருநாளும் கை ஓங்கி அடித்ததில்லை.

கையெழுத்தா? பல்லை எல்லாம் இன்றைக்கே எடுத்தாக வேண்டும், எடுத்தால் பூரணமாகக் குணமாகிவிடும் என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை, டாக்டரம்மா. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புதன்கிழமை வைத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் ஜெயாவும் வீட்டில் இருப்பாள்.