பத்து டிகிரி

— வேலையை விடுறீங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்களே மேடம், பொய்தானே? பாருங்க, நாலு வருஷமா என் பொண்ணு சிட்டு உங்க கையிலதான் வளர்றா.

— நிஜம்தான்க்கா. புதுசா ஒரு பிசியோதெரபிஸ்ட் வர்றாங்க. நல்லவங்க.

— வேற யாராச்சும் தொட்டா இவ கட்டையாட்டம் விறைச்சுக்குவா. உங்களுக்குத் தெரியாததா?

— தெரியும். அதனாலதான் முடியல. காலைப் பிடிச்சு நீட்டுறப்போ என் மூஞ்சியவே பாக்குறா. அழக்கூட சத்தம் வராது அவளுக்கு, கண்ணு மட்டும் நனையும். வீட்டுக்குப் போனா என் பொண்ணு படிக்கட்டுல தடதடன்னு ஓடுறா, எனக்கு ஆத்திரம் வருதுக்கா. பெத்த பிள்ளை ஓடுறதைப் பார்த்து எவளாவது ஆத்திரப்படுவாளா? நேத்து அடிச்சுட்டேன்.

— ஐயோ... லீவு போடுங்க மேடம். ஒரு மாசம் போடுங்க, நாங்க காத்திருக்கோம். பாருங்க, இப்பத்தான் முட்டி நிமிர்ந்துட்டு வருது. நீங்க அளந்து எழுதுற நோட்டுல மாசாமாசம் ரெண்டு டிகிரி ஏறுதே! இந்த நேரம் பார்த்தா கைவிடுவீங்க?

— அந்த நோட்டைப் பத்தித்தான்... உக்காருங்கக்கா.

— தோள்ல தூங்குறா. உக்காந்தா முழிச்சுக்குவா. சொல்லுங்க.

— முட்டி நிமிரல.

— என்னது?

— அஞ்சு மாசமா மடங்கிட்டேதான் போகுது. அளந்து முடிச்சதும் "எவ்வளவு மேடம்?"னு ஓடி வருவீங்க. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரல. அடுத்த மாசம் சரிக்கட்டிடலாம்னு முதல் தடவை கூட்டிச் சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியல.

— அந்தப் பத்து டிகிரியும்...?

— நானா எழுதினது. திட்டுங்க, நாலு அறை விடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா மனசை மட்டும் விட்டுடாதீங்க. அடுத்த வாரம் ஆப்பரேஷன் இருக்குல்ல? அதுல நிமிர்த்திடுவாங்க. இந்த வயசுக்குள்ள செஞ்சாத்தான் பலன். எப்படியும் அது நடக்கப்போகுதேங்கிற தைரியத்துலதான் நான்...

— பாருங்க... ரெண்டு வருஷம் காத்திருந்து கிடைச்ச தேதி மேடம் அது. நேத்துதான் போய் ஆப்பரேஷன் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டேன். என் கண்ணு முன்னாடியே வேற பிள்ளை பேரை எழுதிக்கிட்டாங்க. தானா நிமிருது, பிள்ளை உடம்புல எதுக்குக் கத்தின்னு உங்க நோட்டைத்தான் விரிச்சுக் காட்டினேன்.