ஏழாவது வீடு

சாவு வீட்டில் நான் ஒருநாளும் டீ குடித்ததில்லை. கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுவேன். காவல் ஆய்வாளர் குணசேகரன் அவர்களே, பதினேழு வருஷம் மேயராக இருந்தவனுக்கு இப்படிச் சில பழக்கங்கள் வந்துவிடும்.

என் பெயர் சுயம்பு. உடன்குடியிலிருந்து வந்து ராயபுரத்தில் பைப் கடை போட்டவன். மக்கள் என்னைத் திரும்பத் திரும்ப ஜெயிக்க வைத்ததற்குப் பாலமோ பூங்காவோ காரணமில்லை. யார் வீட்டில் எழவு விழுந்தாலும், எடுப்பதற்குள் நான் மாலையோடு போய் நிற்பேன்.

போன தேர்தலுக்குப் பதினோரு நாள் இருந்தபோது சுகாதார அதிகாரி ஜெரினா என் அறைக்கு வந்தார். காத்திவாக்கம் பக்கத்துக் குடியிருப்புக்குப் போகும் குடிநீர்க் குழாய் வெடித்து, ஆலைக் கழிவு கலக்கிறது என்றார்.

"இன்னைக்கே வால்வை மூடணும் சார். விட்டா ஆளுங்க செத்துடுவாங்க."

அது என் கடைக் குழாய். மகன் பெயரில் மாநகராட்சிக்குக் கொடுத்த மட்டமான சரக்கு. மூடினால் தோண்டுவார்கள், தோண்டினால் தெரிந்துவிடும். நிதானமாக யோசித்தேன். தண்ணீர் நின்றால் ஜனங்கள் குடத்தோடு ரோட்டுக்கு வந்து மேயரைத் திட்டுவார்கள். சாவு விழுந்தால் மேயரைத் தேடுவார்கள்.

"நான் பாத்துக்கிடுதேம்மா" என்று அறிக்கையை வாங்கி இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் ஜெரினாவை மாதவரத்துக்கு மாற்றினேன். பிணம் வைக்கும் குளிர்பெட்டி ஆறு வாடகைக்குச் சொல்லிவைத்தேன். வெயில் காலம்.

முதலில் போனது துறைமுகத்தில் மூட்டை தூக்கும் துரை. அரை மணி நேரத்தில் பெட்டியோடு போய்விட்டேன். அவன் மனைவி செங்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒருத்தரும் எட்டிப் பாக்கல நைனா. நீதான் வந்து நின்னுகினு கீற."

"கடைசியா என்னம்மா குடுத்தே?"

"தண்ணிதான் நைனா. வாந்தி எடுத்து எடுத்து நாக்கு வறண்டுபோச்சு. கேக்கக் கேக்கக் குடுத்துகினே இருந்தேன்."

நான் அவள் தலையில் கை வைத்தேன். அந்த வார்டில் எனக்கு அதுவரை விழாத அளவு ஓட்டு விழுந்தது.

பெட்டிகளைச் சொல்லிவைத்த தேதி, துரை செத்ததற்கு இரண்டு நாள் முந்தையது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். சரிதான். சாவார்கள் என்று தெரிந்துதான் விட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

செத்தது ஏழு பேர். ஏழாவது வீட்டுக்குப் பெட்டி இல்லை. ஐஸ் கட்டி வாங்கி வைத்துச் சமாளித்தார்கள். அந்த வீட்டாரிடம் மட்டும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மற்ற ஆறு வீட்டுக்கும் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.