அறுபத்து மூன்றாம் செடி

டிலக்ஷியின் செடிகள் விதை வெடித்த நாளிலிருந்து நூற்றுப் பதினொரு நாட்கள் உயிரோடு இருந்தன. சட்டிவா இனத்தின் குணம் கூடிய கஞ்சாவுக்கு இது அதிகமில்லை. உயரமாக, மெல்லிய இலைகளோடு, அவசரமில்லாமல் வளரும். பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கும்.

அவளுக்காகச் சாட்சி சொல்லத்தான் விசாரணை அதிகாரியான நீங்கள் என்னை அழைத்தீர்கள். எனக்குப் பேச வராது என்பதால் எழுதித் தர அனுமதித்தீர்கள். நன்றி.

நாங்கள் சுவிஸில், பேர்ண் நகரில், ஒன்றாக உயிரியல் படித்தோம். இரண்டாயிரத்துப் பதினேழில் பூம்ப்ளிஸுக்கு வெளியே ஒரு கண்ணாடி வீட்டுத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். போதைப் பொருள் ஒரு சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இங்கே கஞ்சா வளர்க்கலாம், விற்கலாம். ஒரு சதவீதத்தைத் தொட்டால் குற்றம். கோயிலில் கேட்பவர்களிடம் டிலக்ஷியின் அம்மா ஜெயகௌரி அன்ரி, "பிள்ளையள் தக்காளி வளர்க்குதுகள்" என்றுதான் சொல்லுவா.

முகம் தெரியாதவர்களோடு தொலைபேசியில் பேச முயன்றால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். பல் மருத்துவரிடம் நேரம் எடுப்பது முதல் வீட்டு உரிமையாளரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வது வரை எனக்கான அழைப்புகளையெல்லாம் பத்து வருடமாக டிலக்ஷியே எடுத்தாள். என் பெயரைச் சொல்லி நானாகவே பேசுவாள்.

"உனக்கு மாப்பிள்ளை வந்தாலும் நான்தான் போனில கதைக்க வேணுமோடி?" என்று சிரிப்பாள்.

முதல் பருவத்தில் இருநூற்று நாற்பது விதைகள் நட்டோம். முளைத்த ஒவ்வொன்றையும் நான்தான் அளந்து எழுதினேன். அறுபத்து மூன்றாம் செடி மற்றவற்றைவிட ஒரு முழம் உயரம். தோடம்பழத் தோல் மணம். போதைப் பொருளும் குறைவு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதை விளக்க எழுந்தேன். பதினொரு பேர் இருந்தார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

டிலக்ஷி எழுந்து எனக்காக விளக்கினாள். நன்றாக விளக்கினாள். கண்டுபிடித்தது நான், பிரசாந்தினி, என்றும் சொன்னாள். தோட்டத்தை நடத்தும் எங்கள் ஷெஃப் அதைக் கவனித்தாரோ தெரியாது. அடுத்த கிழமை அந்தச் செடியின் விதைப் பெட்டியில் 'டிலு' என்று அவளுடைய பெயரைச் சுருக்கி ஒட்டியிருந்தது. மூன்றாம் கண்ணாடி வீடு முழுவதும் அதை வளர்ப்பதென்று முடிவாயிற்று. பொறுப்பாளர் டிலக்ஷி.

எனக்குப் பொறாமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெயர் பிழையாக ஒட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். பிழையான பெயரோடு ஒரு செடி வளர்வதை விஞ்ஞானம் படித்த எவரும் விரும்பமாட்டார்.

அடுத்த மே நடுவில் விதை வெடித்தது. ஆறாம் கிழமை ஆண் செடிகளைப் பிடுங்கினோம். ஒன்று தப்பினாலும் அதன் மகரந்தம் வீடு முழுவதையும் கெடுத்துவிடும்.

"மாப்பிள்ளையள் எல்லாரும் வெளியில போங்கோ," என்று டிலக்ஷி ஒவ்வொன்றாக இழுத்தாள். "என்ர பாஸ்போட் வரட்டும், பிறகு ஆரையும் உள்ளுக்கு விடுறதைப் பற்றி யோசிப்பம்."

அவள் ஒன்பது வயதில் இங்கே வந்தவள். ஒக்டோபரில் குடியுரிமைக்கான நேர்காணல் இருந்தது. ஒவ்வொரு மாலையும் கேள்விக் கொத்தை வைத்து நான் கேட்பேன், அவள் பதில் சொல்லுவாள். ஒரு வழக்கும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. வளர்ப்பவர் தன் செடியில் மாதிரி எடுக்கக் கூடாது. ஆசையில் தனக்குச் சாதகமான பூவாகப் பார்த்துக் கிள்ளிவிடுவார். வேறொருவர் எடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தின் கடிதமும் அவருக்கே வரும். மூன்றாம் வீட்டுக்கு என்னைத்தான் போட வேண்டும் என்று டிலக்ஷியே கேட்டாள்.

"இவளை விட்டால் ஆரை நம்புறது?" என்றாள்.

எண்பத்து மூன்றாம் நாள் எடுத்த மாதிரியில் பூச்சியம் தசம் ஏழு. தொண்ணூற்றேழாம் நாள் வந்த கடிதத்தில் பூச்சியம் தசம் ஒன்பது ஆறு. பூ முத்த முத்த அளவு ஏறும், உடனே அறுவடை செய்யவும் என்று கீழே எழுதி, கோடும் போட்டிருந்தார்கள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

டிலக்ஷி ஏணியில் நின்று பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பூ இன்னும் முத்தேல்லை, வெள்ளையாத்தான் கிடக்கு. எவ்வளவாம்?"

"முந்தின மாதிரித்தான்."

"அப்ப இன்னும் ரெண்டு கிழமை விடலாமோ?"

"விடலாம்," என்றேன். அன்று முழுவதும் நான் பேசியது அவ்வளவுதான்.

நூற்றுப் பதினோராம் நாள் அறுவடை. அன்ரி எல்லோருக்கும் மோதகம் அவித்துக் கொடுத்துவிட்டிருந்தா. கத்தரிக்கோல்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பொலிஸ் வந்தது. அவர்கள் எடுத்த மாதிரியில் ஒன்று தசம் மூன்று. எல்லாச் செடிகளையும் வெட்டி எரிக்கக் கொண்டுபோனார்கள். டிலக்ஷியை இரண்டு இரவு வைத்திருந்தார்கள். நேர்காணல் நிறுத்தப்பட்டது. அவளுடைய அப்பா பாலேந்திரன் அங்கிள் அதன்பின் கோயிலுக்குப் போகவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மிஞ்சிய மோதகத்தை அன்ரி எனக்குச் சூடாக்கித் தந்தா.

டிலக்ஷி திரும்பி வந்ததும் என்னை அறைக்குள் கூட்டிப்போனாள். "ஆய்வுகூடத்துக் கடிதத்தைப் பொலிஸ் எனக்குக் காட்டினது. நீ பிழையா வாசிச்சிருப்பாய். விடு. கடிதத்தை நானும் பாத்தனான், நான்தான் அறுவடையைத் தள்ளிப்போட்டனான் எண்டு சொல்லிப்போட்டன். உன்னைக் கூப்பிட்டு விசாரிச்சால் நீ செத்துப்போவாய்."

நான் தலையசைத்தேன். அதனால்தான் வழக்கு அவள்மீது மட்டும் இருக்கிறது.

மூன்றாம் வீட்டுக்கு இப்போது நான் பொறுப்பு. விதைப் பெட்டியில் 'அறுபத்து மூன்று' என்று ஒட்டியிருக்கிறேன். என் பெயரை ஒட்டவில்லை. அதையும் நீங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும்.

நேற்று டிலக்ஷியின் வழக்கறிஞர் அவளுடைய வாக்குமூலத்தை எனக்கு வாசிக்கத் தந்தார். பொலிசுக்குத் தகவல் கொடுத்தது பெயர் சொல்லாத ஒரு பெண் என்றும், வேலை செய்யும் ஒவ்வொருவரைப் பற்றியும் நீங்கள் அவளிடம் கேட்டீர்கள் என்றும் அதில் இருந்தது. என்னைப் பற்றிக் கேட்டபோது அவள் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "அவளாக இருக்கவே முடியாது. அவளுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை பேச வராது" என்றாளாம்.

அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை.

நூற்றுப் பத்தாம் நாள், மதிய இடைவேளையில், ஐரோப்பா சதுக்கத்து டிராம் நிறுத்தத்தில் நின்று பொலிசை அழைத்தேன். தோட்டத்தின் முகவரி, வீட்டின் எண், பொறுப்பாளரின் பெயர், அவளுடைய பிறந்த திகதி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எனக்காகப் பேசும்போது டிலக்ஷி எப்படித் தொடங்குவாளோ, என் பெயரை மட்டும் விட்டு, அப்படியே தொடங்கினேன். உங்களிடம் ஒலிப்பதிவு இருக்கும், கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடம் நான்கு விநாடி.

ஓரிடத்திலும் எனக்குத் தொண்டை அடைக்கவில்லை.