உடுவிலில் ஒரு ஸ்வெற்றர்

உடுவில் சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. உச்சி வெயில். எனக்கு முன்னால் நின்ற பெண், தனக்கு முன்னால் நின்ற மூத்த பெண்ணிடம் சொன்னார்:

“என்ரை மகள் ஸ்வெற்றர் பின்னுறாள், அக்கா.”

“இந்த வெய்யிலுக்கையோ, பிள்ளை?”

“ஸ்கொட்லாந்திலை குளிராம். அமெரிக்காவிலை அவள் ஆசைப்பட்ட பெரிய கம்பஸ் அவளை எடுக்கேல்லை. ஸ்கொட்லாந்துக் கம்பஸும் அதுக்குக் குறைஞ்சதில்லையாம், அதைவிடப் பழசாம். படிக்க இடம் தந்திட்டினம்.”

“அப்ப பாஸ் எண்டு சொல்லு.”

“சோதினை பாஸ்தான். கிளாலிக் கடல் தாண்டி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியிலை போக இயக்கம் தாற பாஸ்தான் இன்னும் கிடைக்கேல்லை.”

வரிசை நகர்ந்தது. இருவரும் வெறும் எண்ணெய்க் கான்களைக் காலால் முன்னே தள்ளினார்கள்.

“ஸ்வெற்றர் எப்ப முடியும்?”

“அது எப்பவோ முடிஞ்சுது. அவிட்டுப்போட்டுத் திரும்பப் பின்னுறாள்.”