அவர் பெயரில் இருந்த செவர்லே

"காரை அப்பாவின் பெயருக்கு மாற்றித் தாருங்கள்" என்று கேட்டேன். உப்புப் போத்தலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்று கேட்கிற குரலில்தான் கேட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. கிழவர் பீச் பழம் ஒன்றைக் கத்தியால் தோல் சீவிக்கொண்டிருந்தார். அப்பா குசினியில் அவருக்குக் கோப்பி போட்டுக்கொண்டிருந்தார். நல்ல நேரம் என்று நினைத்தேன்.

அதைக் கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். பூசை நேரத்தில் கதைக்காதே, பெரியவர்கள் இருக்கக் கால் நீட்டாதே, அப்புக்காத்தரிடம் காரைப் பற்றிக் கேட்காதே.

அவர் ஓய்வுபெற்ற வக்கீல், பெயர் லோ வேர்சோ. இத்தாலியர்கள் அவ்வோக்காத்தோ என்று கூப்பிட்டார்கள். மன்னாரிலிருந்து வந்த எங்கள் வீட்டில் அது அப்புக்காத்தர் ஆகிவிட்டது. பலெர்மோவில் லிபெர்த்தா வீதிப் பக்கம் பெரிய வீடு. மனைவி செத்து, கால்கள் விழுந்து, சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் கழுத்துப்பட்டி கட்டாமல் வெளியே வரமாட்டார். அப்பா அவருக்குச் சமைத்தார், குளிப்பாட்டினார், கார் ஓட்டினார். அப்பாவின் பெயர் பெனடிக்ற். வேலைக்குப் போன முதல் நாளே அவர் அதைப் பெனெதெத்தோ ஆக்கிவிட்டார். கூப்பிட்டதும் அப்பா திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

கார் எங்களுடையது. அதில் அவருக்குக்கூடச் சந்தேகம் இருந்ததில்லை. அப்பா உழைத்து வாங்கியது. வாங்குகிற நேரத்தில் அப்பாவின் பெர்மெஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்துத் திரும்பி வராமல் கிடந்தது. கிழவர் பெயரில் பதிந்தால் காப்புறுதியும் குறையும். "என் பெயரில் போடு" என்று அவரே சொன்னார். எங்கள் சனத்தில் பாதிப்பேர் அப்படித்தான் கார் வைத்திருந்தார்கள். ஓடுவது நாங்கள், பெயர் வேலைக்குப் போகிற வீட்டுச் சிஞ்ஞோராவுடையது. ஒரு துண்டு எழுதி வாங்கமாட்டோம். எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். பிறகு பெர்மெஸோ வந்தது. காரின் பெயர் அப்படியே இருந்தது. அப்பா கேட்கவில்லை.

அது வெள்ளைச் செவர்லே. மாத்திஸ் என்ற சின்ன ரகம், தீப்பெட்டிக்குச் சில்லுப் பூட்டினது போல இருக்கும். மூக்கில் அந்தப் பொன்னிறச் சின்னம். அப்பா அதை அல்பெர்கேரியாவில் எங்கள் ஒழுங்கைக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் சின்னப்பிள்ளை.

"அமெரிக்கன் காரடி, அகஸ்ரீனா" என்று அம்மாவிடம் சொன்னார்.

"அமெரிக்கன் எண்டால் ஏனப்பா இவ்வளவு கட்டை?"

மேல்வீட்டு ஞானாம்பிகை அன்ரி சைவ சமயம். நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்துவிட்டுத்தான் ஓடவேண்டும் என்று நின்றார். அப்பா மறுக்கவில்லை. தேசிக்காயை நசித்துக்கொண்டு புறப்பட்டு, நேரே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறி, நகரத்தின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் குகைவாசலில் காரை நிறுத்தி, அதன் மூக்கைத் தொட்டுச் சிலுவை போட்டார். என்னைப் பின்னால் ஏற்றும்போது ஒவ்வொரு முறையும் கதவின் விளிம்பில் எதையோ விரலால் தள்ளுவார். பிள்ளைகளுக்கான பூட்டு. நகக்கண் அளவுதான் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பவர் அந்தக் கதவைத் திறக்க முடியாது. எனக்கு அது அவமானமாக இருந்தது. நான் பெரியவளானதும் தள்ளுவதை விட்டுவிட்டார்.

எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். படித்தது பொருளியல். கடைசி ஆய்வுக்கு அந்தக் காரையே எடுத்தேன்.

செவர்லே ஒரு மனிதரின் பெயர். லூயி செவர்லே சுவிற்சலாந்தில் பிறந்து, அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய், பந்தயக் கார் ஓட்டியவர். டூரன்ட் என்ற வியாபாரி அவர் பெயரைப் போட்டு டிற்றொயிற்றில் கொம்பனி தொடங்கினார். செவர்லேக்கு வேகமான, அழகான, விலைகூடிய கார் செய்ய ஆசை. டூரன்டுக்கு வேண்டியது ஃபோர்ட்டோடு மோதுகிற மலிவுக் கார். இரண்டு பேரும் கொளுவிக்கொண்டார்கள். சிகரெட் பிடிக்காதே, முதலாளி என்றால் சுருட்டுப் பிடிக்கவேண்டும் என்று டூரன்ட் சொன்னதில்தான் கடைசிச் சண்டை வந்ததாம். செவர்லே தன் பங்கைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். பெயரைக் கொண்டுபோக முடியவில்லை.

பிறகு வந்த மலிவுக் காருக்குப் பெயரே நானூற்றுத் தொண்ணூறு. அதன் விலை அத்தனை டொலர். விலையை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த கார். கமக்காரரும் கடைக்காரரும் வாங்கினார்கள். மலிவாகக் கிடைத்தது, ஆனால் ஏறி இருப்பவரை மலிவாகக் காட்டவில்லை. அந்தக் கொம்பனியின் முழுக் கவர்ச்சியும் அதுதான் என்று எழுதினேன். கொஞ்சக் காலத்தில் ஃபோர்ட்டையே முந்தினார்கள். லூயி செவர்லே கடைசியில் கையில் ஒன்றுமில்லாமல், தன் பெயர் போட்ட தொழிற்சாலையிலேயே மெக்கானிக் வேலை செய்தார் என்று சொல்கிறார்கள்.

எங்களுடையது உண்மையில் கொரியாக்காரருடையது. அந்தக் கொம்பனியை அமெரிக்கர்கள் வாங்கி, ஐரோப்பாவில் செவர்லே என்று பெயர் மாற்றி விற்றுவிட்டு, பிறகு ஐரோப்பாவை விட்டே போய்விட்டார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன்.

"பேர் என்னெண்டு போட்டிருக்கு?" என்றார்.

"செவர்லே."

"அப்ப அது செவர்லேதான் பிள்ளை."

பட்டம் தந்த நாள் கிழவரும் நாற்காலியில் வந்திருந்தார். என் தலையில் இங்கே பட்டம் பெறுபவருக்குச் சூட்டுகிற லோரல் இலை முடி இருந்தது. அவர் என் பேராசிரியரின் கையைப் பிடித்து, "இந்தப் பெண் எழுதியது என்னுடைய காரைப் பற்றி, தெரியுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கிழவர் சொன்னதை நான் அன்றே விட்டுவிட்டேன். அப்பா சிரித்தது மட்டும் கனநாள் மனதில் கிடந்தது.

அதனால்தான் கேட்டேன்.

கிழவர் கோபிக்கவில்லை. பீச் துண்டை வாயில் வைத்து மென்று முடித்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பி, "பெனெதெத்தோ, உன் மகளுக்கு என் கார் வேண்டுமாம்" என்றார். அப்பா கோப்பியோடு வந்தார். ஒரு துளி சிந்தவில்லை. அவள் கனக்கப் படித்துவிட்டாள், மன்னியுங்கள் என்று இத்தாலியனில் சொன்னார். லிப்ற்றுக்குள் வந்த பிறகுதான் தமிழ் வந்தது.

"கேக்காதை எண்டு சொன்னனான் எல்லோ. எனக்கு பெர்மெஸோவுக்குக் கையெழுத்து வைச்ச மனுசன். வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் எடுத்துத் தந்த மனுசன். என்னை நன்றி கெட்டவன் எண்டு நினைக்கப்போறார்."

வீட்டில் அம்மா கேட்டுவிட்டு, "படிச்சதிலை வாய்தான் நீண்டிருக்கு" என்றாள். அடுத்த ஞாயிறு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டுபோய் மன்னிப்புக் கேட்கவைத்தார். கேட்டேன். கிழவர் என் கன்னத்தைத் தட்டி, தானும் யோசித்துப் பார்த்ததாகச் சொன்னார். அந்தப் பழைய காரை உடைக்கக் கொடுத்தால் புதுக்கார் வாங்கச் சலுகை உண்டாம். ஓகஸ்ட் விடுமுறை முடிய ஆள் வந்து கொண்டுபோகும். "புதியதையும் நீதானே ஓட்டப்போகிறாய், பெனெதெத்தோ" என்றார். அவர் அதை நல்ல மனதோடு சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா "கிராட்சியே" என்று நன்றி சொன்னார். அன்று பின்னேரம் கீழே போய், உடைக்கப்போகிற காரைக் கழுவினார். சில்லுகளின் இடுக்கைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார்.

ஓகஸ்ட் பதினைந்து இத்தாலியர்களுக்கு ஃபெர்றகோஸ்தோ. நகரமே கடற்கரைக்குப் போய்விடும். மன்னார்ச் சனத்துக்கு அது மடு மாதா திருவிழா. மாதாவின் சுரூபத்தைத் தோளில் தூக்குகிற ஆட்களில் அப்பாவும் ஒருவர். வருடத்தில் அவர் கிழவரிடம் கேட்டு வாங்குகிற ஒரே நாள் அதுதான். அன்றைக்கு மொண்டெல்லோவில் கிழவரின் தங்கச்சி வீட்டில் அவருக்கு விருந்து. அங்கே அவருக்கென்று இன்னொரு சக்கர நாற்காலி இருந்தது, இங்குள்ளதை மேலே வீட்டிலேயே விட்டுப்போவோம். கூட்டிக்கொண்டு போய்வர நான் ஒத்துக்கொண்டேன். அப்பாவுக்குக் கண் கலங்கியது. மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தார்.

காலையில் கார்த் திறப்பைத் தந்தபோது எல்லாம் சொன்னார். "வீட்டடியிலை பெரிய மரத்துக்குக் கீழை விடு. கண்ணாடியை இறக்கிவிட்டிட்டு மேலை போய் நாற்காலியை எடுத்துக்கொண்டு வா. அவர் கனநேரம் இருக்கமாட்டார், கவனம்." கண்ணாடி ஏற்றி இறக்கும் பின்பக்கக் கைபிடி கழன்று நெடுநாள். அது முன்னாலிருக்கும் பெட்டிக்குள் கிடக்கும், தேவைப்பட்டால் எடுத்துப் பூட்டவேண்டும். அதையும் சொன்னார். எனக்கு அதெல்லாம் தெரியும். அந்தக் காரைப் பற்றி என்னைவிடத் தெரிந்த ஆள் பலெர்மோவில் இல்லை.

அன்று ஆபிரிக்காவிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக்காற்று அடித்தது. அடுப்பு வாயைத் திறந்து வைத்தது போல. போகும்போதும் வரும்போதும் கிழவர் பின்னாசனத்தில் வலதுபக்கம், எப்போதும் இருக்கிற இடத்தில், கழுத்துப்பட்டியோடு இருந்தார். வரும்போது என் ஆய்வைப் பற்றிக் கேட்டார். லூயி செவர்லேயின் கதையைச் சொன்னேன். "பாவம், கெட்டிக்காரன், ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாதவன்" என்றார்.

குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், என்னை விசாரித்த அதிகாரி நல்ல பெண். தண்ணீர் தந்தாள். நான் சொன்னதை இடையில் மறிக்காமல் எழுதினாள். காரை நிறுத்தினேன், நாற்காலி எடுக்க மேலே போனேன், சூட்டில் தலை சுற்றியது, கதிரையில் இருந்தேன், பிறகு எழுந்து திருவிழாவுக்குப் போய்விட்டேன், அவர் காரில் இருப்பது மனதிலிருந்து விழுந்துவிட்டது. வழக்கறிஞரும் அதையே பிடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளைகளையே காரில் மறந்துபோகிற தாய் தகப்பன் உண்டு. அதற்காக இங்கே குழந்தை ஆசனங்களில் ஒலி எழுப்புகிற கருவி வைக்கச் சட்டமே இருக்கிறது. கிழவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

திருவிழாவில் மெழுகுதிரி பிடித்து நடந்தேன். சனம் நிறைய. சுரூபம் இறக்கி வைத்த பிறகு அப்பா வேர்வையோடு என்னிடம் வந்தார்.

"அவரைப் படுக்க வைச்சிட்டியோ?"

"ஓம்" என்றேன்.

பின்னேரம் அவருக்கு மருந்துக் குளிசை கொடுக்க அப்பா போனார். கார் வெயிலில் நின்ற பக்கம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்ததாம். திறப்பு என்னிடம். அப்பா கையாலேயே கண்ணாடியை உடைத்திருக்கிறார். அந்தக் காருக்கு ஒரு கீறல் விழுந்தாலே இரண்டு நாள் சாப்பிடாத மனிதர். கிழவரின் கழுத்துப்பட்டி கழற்றப்படாமல் இருந்தது என்று மட்டும் சொன்னார்.

அந்த "ஓம்" எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவையும் விசாரித்தார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. இப்போது நான் குசினிக்குள் வந்தால் அவர் எழுந்து போய்விடுகிறார். கையில் தையல் போட்ட இடம் ஆறிவிட்டது. அம்மா நான் நித்திரை இல்லாமல் மெலிந்துபோனேன் என்று அழுகிறாள். எனக்கு நித்திரை நன்றாகத்தான் வருகிறது. மனம் குழம்புவது அப்பாவைப் பார்க்கும்போது மட்டும்.

கார் பொலிஸ் முற்றத்தில் நிற்கிறது. வழக்கு முடியும்வரை யாரும் அதைத் தொட முடியாது, உடைக்க முடியாது. மூக்கில் அந்தப் பொன்னிறச் சின்னம் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்த்தேன். அதைக் காப்பாற்ற எங்கள் வீட்டில் வேறு யாரும் எதுவும் செய்யவில்லை. அப்பா நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை. கோபத்தில் செய்தேன் என்று யாராவது நினைத்தால் அது பிழை. கோபம் வந்தால் நான் சத்தம் போடுகிற ஆள். அன்று நான் சத்தம் போடவே இல்லை.

அவர் வீட்டடிக்கு வந்தபோது வீதியில் ஒரு சனம் இல்லை. எல்லா யன்னல்களும் சாத்தியிருந்தன. பெரிய மரத்தின் கீழே இடம் இருந்தது. நான் எதிர்ப்பக்கம், வெயிலில் நிறுத்தினேன். இயந்திரத்தை நிறுத்தித் திறப்பை எடுத்தேன். முன்கண்ணாடிகள் இரண்டும் ஏற்றியிருக்கின்றனவா என்று பார்த்தேன். இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, அவருடைய இருக்கைப் பட்டியைச் சரிபார்த்தேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

"அவசரப்படாதே மோனிக்கா" என்றார். "நான் எங்கே ஓடப்போகிறேன்?" அப்பாவிடம் தினமும் சொல்கிற பகிடிதான். நானும் சிரித்தேன்.

கதவின் விளிம்பில் அந்தச் சின்னப் பூட்டு அதே இடத்தில் இருந்தது. கொஞ்சம் இறுகியிருந்தது, விரலால் அழுத்தித் தள்ளவேண்டியிருந்தது. கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். அந்தக் காரின் கதவை அடித்துச் சாத்தக்கூடாது என்று அப்பா சொல்வார்.

அவர் வீட்டு வாசல் இடதுபக்கம். நான் வலதுபக்கம் திரும்பி நடந்தேன்.