மூன்று சுற்று

காலை ஃபெர்ரியில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம், ஐயா. பாம்பூஃப்ளாட்டில் ஏறினால் மறுகரையான சாத்தம் வரைக்கும் நின்றுகொண்டேதான் வர வேண்டும். பக்தவத்சலம் முதலில் வந்துவிட்டால் பையை வைத்து எனக்கும் இடம் பிடித்திருப்பான். அவனைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நாங்கள் இருவரும் இலாகாவில் மரமேறும் மஸ்தூர்கள், தினக்கூலிகள். காற்றில் சாய்ந்த மரம், கூரைமேல் தொங்கும் கிளை, எல்லாவற்றையும் கயிற்றில் தொங்கியபடி அறுத்து இறக்குவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார்கள். எனக்குப் பதினெட்டு வருடம் அப்படியே போயிற்று. இந்த வருடம் ஒரே ஒரு நிரந்தர வேலை, நௌக்ரி, வந்தது. மரமேறும் போட்டியில் ஜெயிப்பவனுக்கு என்றார்கள். ஆவணியில் எனக்கு நாற்பத்தைந்து முடிகிறது, அதற்குமேல் சேர்க்க மாட்டார்கள். அவனுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. நான் எப்படித் தவித்தேன் என்று என் மனைவி அலமுவைக் கேளுங்கள். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் ஃபெர்ரியில் அவனிடம் விட்டுக்கொடுக்கச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவன் கடலைப் பார்த்தபடி, "தேக்கேங்கே மச்சான். மேலே போய்ப் பாத்துக்கலாம்" என்றான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவன் முடிச்சை நான் போடுவேன், என் முடிச்சை அவன் போடுவான். நம் கை போட்டதில் நம் கண்ணுக்குத் தப்பு தெரியாது என்பதால் அப்படி. மெல்லிய கயிற்றைப் பெரிய கயிற்றில் ஐந்து சுற்று சுற்றினால், உடல் கனம் விழும்போது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடுத்தவன் போட்ட முடிச்சைத் திரும்பிப் பார்ப்பது அவனை அவமதிப்பது மாதிரி. சேர்ந்து ஏறிய பதினொரு வருடத்தில் இருவருமே பார்த்ததில்லை.

போட்டி டெய்ரி ஃபார்ம் பக்கம், ஒரு தூங்குமூஞ்சி மரத்தில். கிளைகளில் நான்கு மணிகள் கட்டியிருந்தார்கள். நான்கையும் சீக்கிரம் அடித்து இறங்குபவனுக்கு ஜெயம். நடுவர் அவன் முடிச்சைச் சோதித்து நகர்ந்தபின், சரிசெய்வதுபோல் தொட்டு இரண்டு சுற்றைக் கழற்றினேன். கொஞ்சம் வழுக்கும், பயந்து இறங்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

இல்லை, ஐயா, அது பொய். முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தில், அவன் எடைக்கு மணல் மூட்டை கட்டி மூன்று சுற்றில் தொங்கவிட்டுப் பார்த்தேன். மூட்டை நிற்கவில்லை, வழுக்கிக் கீழே வந்தது. இரண்டு தடவை பார்த்தேன்.

அவன் கிளைக்குக் கிளை கால் வைத்து ஏறியதால் கனம் காலில்தான் இருந்தது. மூன்று மணி அடித்தான். நான்காவது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நாற்பதடி உயரத்திலிருந்து, கீழே நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரித்தபடியே காலை எடுத்துவிட்டுக் கயிற்றில் சாய்ந்து உட்கார்ந்தான்.

முடிச்சு வழுக்கி அவன் விழுந்ததும் முதலில் ஓடியது நான்தான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அந்த மூன்று சுற்றையும் அவிழ்த்தேன். கூட்டம் அதை உதவி என்று நினைத்தது. அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

"நாலாவது அடிக்க வேணாம்னு உக்காந்தேன் மச்சான்," என்றான். "டைம் போகட்டும்னு. நௌக்ரி நீ எடுத்துக்கோ."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவன் மனைவி சுதா, கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டபோது, உன் பேரைச் சொன்னான் என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே.

சுற்றைக் கழற்றியது நான்தான், ஐயா, இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். விட்டுக்கொடுக்கிறேன் என்று அந்த ஃபெர்ரியிலேயே சொல்லியிருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான். சொல்லாமல் வைத்துக்கொண்டது அவன் தப்பு.