மூன்று ஷிப்டுக்கு ஒரு கட்டில்

ஒரு நிமிடம் பிந்தினாலும் நம்மைக் கேட்டிலேயே நிறுத்தி வைத்த அதே மிடுக்கோடு, இன்று தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் பெரிய மேஸ்திரி அவர்களே! பஞ்சுத் தூசியைத் தின்றுகொண்டே எங்களுக்குப் பாலூட்டிய தாய்மார்களே! நூலோடு நூலாய்த் தேய்ந்த பெரியவர்களே! ரீலிங் பிரிவில் என் பக்கத்தில் நின்று, என் வாய்க்குப் பயந்தே வேலையை முடித்த தோழிகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

நாளை, மில் கட்டிக்கொடுத்த நம் லைன் வீடுகளை இடிக்கிறார்கள். அதற்கு முன் ஒருமுறை கூடுவோம் என்றார்கள், கூடியிருக்கிறோம். மில்லின் வரலாற்றைப் பேசு என்றார்கள். எந்த வரலாற்றைப் பேச? புகைபோக்கி எழுந்த வரலாற்றையா, பூட்டுத் தொங்கிய வரலாற்றையா? காடாய்க் கிடந்த பூமியில் நூல் நூற்கும் கதிர் சுழன்றது. கதிர் சுழன்ற இடத்தில் கடை வந்தது. கடை வந்த தெருவில் குடி வந்தது. அது எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு கட்டிலின் வரலாற்றைப் பேசப் போகிறேன்.

சிரிக்காதீர்கள் அம்மா! அரியணைக்கு வரலாறு உண்டென்றால் கட்டிலுக்குக் கூடாதா?

எனக்கு மூன்று அண்ணன்கள். மூவரும் ஸ்பின்னிங் பிரிவு. மூவருக்கும் மூன்று ஷிப்ட். வாரம் மாறினால் ஷிப்ட் மாறும். ஆனால் மூன்றும் ஒருநாளும் ஒன்றாகாது. லைன் வீட்டில் ஒரே அறை, அறையில் ஒரே கட்டில். தேக்குச் சட்டம், கடைந்த கால், நம் மில் நூலில் நெய்த நாடா. ஒருவர் எழுந்தால் ஒருவர் படுப்பார். அந்தக் கட்டில் சூடு ஆறியதே இல்லை. பெண்களுக்கு இரவு ஷிப்ட் கிடையாது. ஆகவே மூவரையும் விழித்த கண்ணோடு பார்த்தவள் நான் ஒருத்திதான். அவர்கள் சந்தித்துக்கொண்டதெல்லாம் மில் கேட்டில், ஒருவர் உள்ளே போக, ஒருவர் வெளியே வர. "சாப்ட்டியாடா?" "ஆச்சுண்ணே." அவ்வளவுதான் பேச்சு!

என்னய்யா, லீவு நாளிலா? நன்றாகக் கேட்டீர்கள்! பெரியவர் சினிமாவுக்கு, நடு அண்ணன் சீட்டாட்டத்துக்கு, சின்னவர் தூக்கத்துக்கு. உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்?

ஆனால் நான் பார்த்தது ஒன்று உண்டு. பெரிய அண்ணன் எழுந்து கிளம்பும்போது தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் போவார். தன் வேர்வை நனைத்த பக்கம் கீழே, குளிர்ந்த பக்கம் மேலே, அடுத்துப் படுக்க வரும் கடைசித் தம்பிக்காக! நடு அண்ணனோ தொய்ந்த நாடாவை இழுத்துக் கட்டுவார், பெரியவருக்கு முதுகுவலி. சின்ன அண்ணன் என்ன செய்தார் என்கிறீர்களா? குறட்டை விட்டார்! கடைக்குட்டி, வேறென்ன செய்வார்? யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தலையணை என்றால் குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று சின்னவர் நினைத்தார். நாடா என்றால் விறைப்பாகத்தான் இருக்கும் என்று பெரியவர் நினைத்தார்.

பிறகு ஒரு நாள் மில் சங்கு ஊதவில்லை. கேட்டில் பூட்டு. அன்று மாலை மூன்று அண்ணன்களும் முதன்முறையாக அந்தக் கட்டிலருகே ஒன்றாக நின்றார்கள். "நீ படுடா." "இல்லண்ணே, நீ படு." முதல் வாரம் மரியாதை, மறு வாரம் முணுமுணுப்பு. வேலையில்லாத கை, பேசிப் பழகாத வாய், ஒரே அறை, கேட்க வேண்டுமா? பாகப்பிரிவினை வந்துவிட்டது. "கட்டில் என்னுது!" என்றார் நடு அண்ணன். "அண்ணன்னு பேருதான், எனக்கு என்னத்தச் செஞ்ச நீ?" என்று பெரியவர் மேல் பாய்ந்தார் சின்னவர்.

நான் சொன்னேன். தலையணையைச் சொன்னேன், நாடாவைச் சொன்னேன். யார் காதில் விழுந்தது? இயந்திர இரைச்சலில் கத்திப் பழகிய மூன்று தொண்டைகளுக்கு நடுவே என் குரல் எடுபடவில்லை. கட்டிலைப் பிரித்தார்கள் ஐயா! கால்கள் பெரியவருக்கு, சட்டம் நடு அண்ணனுக்கு, நாடா சின்னவருக்கு. மூன்று பேரும் மூன்று வீட்டில் தரையில் படுத்தார்கள். வெட்கக்கேடு! மில்லைப் பூட்டியவனைக் கேட்க நமக்கு வாய் வரவில்லை. கூடப் பிறந்தவனிடம் கட்டில் காலுக்கு மல்லுக்கட்டினோம். என் வீட்டில் கட்டில், உன் வீட்டில் தையல் மெஷின், உன் வீட்டில் அண்டா. இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்!

போன மாதம் பெரிய அண்ணன் போய்விட்டார். தரையில், பாயில். அவர் தம்பிகள் இருவரும் வந்தார்கள். ஒருவர் போன பிறகு ஒருவர். அங்கேயும் ஷிப்ட் முறைதான்! பாகம் பிரிந்த பிறகு அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணி, அந்த நான்கு கால்களையும் என்னிடம் கொடுத்தார். இதோ, மேஜை மேல் இருக்கின்றன. தம்பிகள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவர் இந்த ஓரம், ஒருவர் அந்த ஓரம். அன்று என் குரல் எடுபடவில்லை. இன்று மைக் என் கையில். சின்னண்ணா, அந்தத் தலையணை தானாகக் குளிரவில்லை! உங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்டீர்களே, அதைத்தான் செய்தார்!

நடு அண்ணன் எழுந்திருக்கிறார். என்ன சொல்கிறீர்கள்? "சட்டம் மொட்ட மாடியிலதாம்மா கெடக்கு. நான் கொண்டாறேன்." சரி. சின்னண்ணா, நாடா எங்கே? சத்தமாகச் சொல்லுங்கள். "அதுல துணி காயப் போட்டேம்மா... இத்துப் போச்சு."

இத்துப் போயிற்றாம். ஊருக்கெல்லாம் நூல் கொடுத்த நாம், ஒரு கட்டில் நாடாவைக் கடையில் போய் வாங்கப் போகிறோம். போகட்டும், வாங்குவோம். அழாதீர்கள் அண்ணா. இழுத்துக் கட்ட நடு அண்ணன் இருக்கிறார். தலையணையைத் திருப்பிப் போடுகிறவர்தான் இல்லை. அந்த வேலையை இனி நீங்கள் பாருங்கள்.

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்க்கிறார்; பழக்கம் விடுமா? முடித்துவிட்டேன் ஐயா. என் குடும்பச் சண்டையை உங்கள் சண்டையாக நினைத்துக் கேட்ட எல்லாருக்கும் நன்றி. அண்ணன்மார்களே, கூட்டம் கலைந்ததும் இரண்டு பேரும் ஒரே வாசலில், ஒன்றாக வெளியே போங்கள். ஒருவர் போன பிறகு ஒருவர் வேண்டாம். வணக்கம்.